ஏ.சி. என்று நான் எழுதிய வீடு

அந்த வீட்டின் ஹீட் பம்ப்பை ஏ.சி. என்று எழுதியது நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ பெரிய தியாகம் செய்த மாதிரி ஆகிவிடும்.

என் வேலையை யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். "இன்னும் அந்த வெள்ளைக்காரன் வீட்டு போட்டோ பாக்குற வேலைதானா?" என்பான். அதேதான். இங்கிலாந்தில் ஒரு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டுமென்றால், அதைக் கதகதப்பாக வைத்திருக்க எவ்வளவு எரிசக்தி பிடிக்கும் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். பள்ளிக்கூட ரேங்க் கார்டு போலத்தான். ஏ என்றால் கெட்டிக்கார வீடு, ஜி என்றால் உருப்படாத வீடு. அங்கே ஒரு சர்வேயர் வீடு வீடாகப் போய்ப் போட்டோ எடுத்து, படிவம் நிரப்பி அனுப்புவார். இங்கே மண்ணூர்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நாங்கள் அதை மென்பொருளில் ஏற்றுவோம். சுவர் என்ன சுவர், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, வீட்டைச் சூடாக்குவது எது. எல்லாம் ஏற்றி முடித்தால் அது கணக்குப் போட்டு ஓர் எழுத்தைத் துப்பும்.

சர்வேயர்களுக்கு ஒரு விதி உண்டு. போட்டோவில் ஆள் விழக்கூடாது. அதனால் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது வீடு பார்ப்பேன், ஒரு முகம்கூடப் பார்க்க மாட்டேன். மேசையில் பாதி குடித்த தேநீர் இருக்கும், குடித்தவர் இருக்க மாட்டார். தட்டில் நாய்க்கு வைத்த சோறு இருக்கும், நாய் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. போகப் போக ஒன்று தெரிந்தது. சாயங்காலம் நான் போய்த் திறக்கும் என் வீடும் அப்படி ஒரு போட்டோதான்.

காட்டுப்பாக்கத்தில் நான்காவது மாடியில் இருக்கிறேன். ஒரு படுக்கையறை, தலைக்கு மேல் நேராக மொட்டைமாடி. பதினோரு வருஷத்துக்கு முன்பு நானும் கணவரும் பிரிந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதினால் படிக்க அவருக்கும் இருக்காது. எதிர் வீட்டில் ஒரு ஐ.டி. குடும்பம். அந்த மனிதர் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்பார். யாரைப் பார்த்தும் அல்ல, பொதுவாக. உள்ளேயிருந்து மிக்ஸி சத்தமோ குழந்தையின் கத்தலோ பதிலாக வரும். சுவர் மெல்லிசு, எனக்கு எல்லாம் கேட்கும். அந்த ஒரு வார்த்தை மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதை ஊருக்கே சொல்ல வேண்டுமா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்துக்கும் நான் செய்த தப்புக்கும் சம்பந்தம் உண்டு.

அது சித்திரை மாதம். என் வீட்டில் ஏ.சி. கிடையாது. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் ஞாயிறு, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நாள் முழுக்க ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தேன். பக்கத்துக் கட்டடச் சுவர் முழுக்க வரிசையாக ஏ.சி. பெட்டிகள். அவர்கள் வீட்டுச் சூட்டையெல்லாம் என் ஜன்னலைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தால் அங்கே எதிர்ப்பதம், பல் கிட்டிக்கும் குளிர். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கணினியில் அன்றைய முதல் வீட்டின் கோப்பைத் திறந்தேன். அதுதான் அந்த வீடு.

வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கல் வீடு. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. படுக்கையறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். ஒன்றில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, மற்றதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்சார ஹீட்டர். பாய்லர் இல்லை. சுவரில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பட்டைகள் எதுவும் இல்லை. அலமாரிக்குள் உருளையாக ஒரு வெந்நீர்த் தொட்டி. வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஓர் ஏ.சி. பெட்டி. வெள்ளை நிறம், முன்னால் கம்பி வலை, உள்ளே விசிறி. சர்வேயர் படிவத்தில் 'சூடாக்கும் முறை' என்ற பக்கம் காலியாக இருந்தது.

சந்தேகம் இருந்தால் சர்வேயருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும் என்பதுதான் முறை. நான் அனுப்பவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுப்பைப் பார்! குளிர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு ஏ.சி. கேட்கிறதா? இங்கே நான் வெந்து சாகிறேன், அங்கே ஐஸ் காற்றுக்கு மேல் இன்னும் ஜில்லென்று வேண்டுமாம். வெந்நீர்த் தொட்டியைக் கீசர் என்று நினைத்தேன். பெட்டியைக் குளிரூட்டி என்று பதிந்தேன். வீட்டைச் சூடாக்க அந்தச் சின்ன ஹீட்டரைத் தவிர எதுவும் இல்லை என்று பதிந்தேன். மென்பொருள் ஜி என்று துப்பியது. சும்மா சொல்லக்கூடாது, அப்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அது ஏ.சி. இல்லை, ஹீட் பம்ப். ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு இயந்திரம். வெளிக்காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் அதிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்பும். அந்த வீட்டில் சூட்டைக் கொண்டுபோகும் குழாய்களைத் தரைக்கு அடியில் பதித்திருந்தார்கள், அதனால் போட்டோவில் எதுவும் தெரியவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான், தெரியாமல் இல்லை. ஆனால் சென்னையில் பிறந்து வளர்ந்தவரோ, என்னைப்போல வந்து வெந்தவரோ, சுவரோரம் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால் கை தானாக ஏ.சி. என்றுதான் எழுதும்.

ஆடி முடிந்த பிறகு புகார் வந்தது. எங்கள் டீம் லீடர் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முப்பது வயசு இருக்கும், மண்ணூர்பேட்டைக்காரர். இந்தக் கட்டடம் இருக்கிற இடத்தில்தான் அவர்கள் குடும்பம் நெல் போட்டதாம். "எங்க நெலத்துலதான்க்கா நீ குந்திக்கினு கீற, ஒழுங்கா வேல செய்யி" என்று கிண்டல் பண்ணுவார். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"இன்னாக்கா, ஏ.சி.ன்னு போட்டுக்கீற? அந்த ஊர்ல எவன்க்கா ஏ.சி. வெப்பான்?"

"பாக்க ஏ.சி. மாதிரியேதானே இருக்கு தம்பி?"

"மாதிரி கீதுதான். ஆனா இல்லியே."

புகாரோடு வீட்டுக்காரி கையால் எழுதிய கடிதமும் இருந்தது. எழுபது வயது தாண்டியவர். வேறொரு ஊரில் இருக்கும் தங்கை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாளாம். அவளுக்கும் யாரும் இல்லை. இந்த வீட்டை விற்றுவிட்டுக் குளிர்காலத்துக்கு முன்னால் அவளிடம் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. வாங்குகிறவர் தயாராக இருந்தாராம். சான்றிதழில் ஜி என்று பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். யாரிடமும் சலுகை கேட்கவில்லை, என் வீடு கதகதப்பாக இருக்கிறது, நம்பாவிட்டால் யாராவது வந்து தரையில் கை வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அடிப் பாவி, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டீம் லீடர் நல்லவர். அதுதான் பிரச்சினை. "உடுக்கா, டென்சன் ஆவாத. சர்வேயர் அந்தப் பக்கத்தயே காலியா உட்டுக்கீறான். அவன் தலைல கட்டிடலாம்" என்றார்.

"கட்டினா என்ன ஆகும்?"

"இன்னா ஆவும், அவன் இல்லம்பான், நாம ஆமாம்போம். ரெண்டு மூணு மாசம் இழுக்கும். நம்ம தப்புன்னு போட்டா ஒடனே மறுபடி ஊட்டப் பாக்க ஆள் போவும், சான்றிதழும் மாறிடும். ஆனா உன்ன மறுபடி ட்ரெயினிங்ல ஒக்கார வெச்சிடுவாங்க. இன்னாத்துக்கு அந்த அசிங்கம்?"

திரையில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் இரண்டே பதில்கள்தான்: சர்வேயர் பிழை, பதிவுப் பிழை. நான் சர்வேயர் பிழை என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஆமாம், தேர்ந்தெடுத்தேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தி நாலு வயதில், பொடிசுகளோடு உட்கார்ந்து பாடம் கேட்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று மாதம் என்றால் அங்கே குளிர் வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால், வழக்கமாக நான் காய் வாங்கும் அம்மாவிடம் போனேன். முருங்கைக்காய் ஒன்று எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணா? ஊட்ல எத்தினி பேரும்மா?"

"நாலு பேர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"நாலு பேருக்கு ஒரு முருங்கக்கா எப்டிம்மா பத்தும்? நல்லா குடும்பம் பண்ற போ. இந்தா, இன்னும் ரெண்டு எட்த்துக்கோ."

மூன்று முருங்கைக்காய், அரைக் கிலோ கத்திரிக்காய், நாலு பேருக்குக் காணும் என்று அவர் திணித்த கீரைக்கட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். லிப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த வெக்கை முகத்தில் அடித்தது. பையை வைத்துவிட்டுச் சும்மா சுவரில் கை வைத்தேன். பொழுது சாய்ந்த பிறகும் தோசைக்கல்லாகக் கொதித்தது. கையை எடுக்காமல் நின்றேன். வந்து கை வைத்துப் பாருங்கள் என்று அந்த அம்மா எழுதியிருந்தாரே. முன்பின் தெரியாத ஒருவரையாவது அவர் கூப்பிட்டுவிட்டார். வந்து தொட்டுப் பார் என்று நான் யாரைக் கூப்பிடுவது? யோசித்துப் பார்த்தேன். அண்ணன் சிரிப்பான். அவ்வளவுதான், பட்டியல் முடிந்துவிட்டது. அப்போது எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வேண்டிய ஆள்கூட அங்கே இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

அழுது முடித்ததும் புத்தி வந்தது. தங்கையிடம் போகத் துடிக்கிற ஒருத்தியை நான் ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு மறித்து வைத்திருக்கிறேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் காரணத்தைப் பதிவுப் பிழை என்று மாற்றினேன்.

"லூசாக்கா நீ?" என்றார் டீம் லீடர். பிறகு ஒப்புதல் கொடுத்துவிட்டு, "சரி, டீ குடிக்க வா" என்றார்.

இரண்டு வாரம் பயிற்சி அறையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி. "ஆன்ட்டி, நீங்களும் புதுசா?" என்றாள். "ஆமாம்மா, இன்னைக்குத்தான் பிறந்தேன்" என்றேன். மூன்றாம் நாள் பாடத்தில் அந்தக் கல் வீட்டுப் பெட்டியின் போட்டோவையே பெரிதாகத் திரையில் போட்டார்கள். இதை ஒருவர் ஏ.சி. என்று எழுதிவிட்டார் என்று சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சர்வேயர் மறுபடி போக நாள் பிடித்தது. முதலில் அவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், அப்புறம் அந்தப் பக்கம் போகும் நாள் வரட்டும் என்றார்கள். தினமும் வந்ததும் அந்தக் கோப்பைத்தான் திறந்து பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. பழைய போட்டோக்களையே பார்ப்பேன். கவிழ்த்த கோப்பை, ஜன்னலோர நாற்காலி, மடிப்புக் கலையாத கட்டில். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா, தெரு தெரியுமா என்று யோசிப்பேன். மதியச் சாப்பாட்டை என் மேசையிலேயே, அந்தச் சமையலறையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் பல மாதங்களில் நான் இன்னொருவரோடு சாப்பிட்டது அப்போதுதான்.

ஐப்பசி மழை தொடங்கி, காட்டுப்பாக்கத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்தில் கோப்பு வந்தது. நனைந்த சேலையோடு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் டீம் லீடர் கை காட்டினார். "உன் ஊடு வந்துகீதுக்கா. வேற யாருக்கும் தரல, நீயே முடி."

முதல் போட்டோ அந்தப் பெட்டிதான். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் அந்த அம்மா எழுதியிருந்தார்: இது குளிர வைக்கும் இயந்திரம் அல்ல, என்னைக் கதகதப்பாக வைத்திருப்பது இதுதான். அறையில் எல்லோரும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பார்த்தாயா, எனக்கே எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

பிறகு சமையலறை. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். மடிப்புக் கலையாத கட்டில் கலைந்து கிடந்தது, அதன் பக்கத்தில் பிடித்து நடக்கிற அலுமினியச் சட்டம் ஒன்று. சர்வேயர் குறிப்பில் விஷயம் இருந்தது. வீடு விற்காததால் தங்கை இங்கேயே வந்துவிட்டாளாம். தரை கதகதப்பாக இருப்பதால் வெறும் காலோடு நடை பழகுகிறாளாம். இனி வீட்டை விற்பதாக இல்லை, ஆனாலும் சரியான சான்றிதழ் வேண்டும் என்று வீட்டுக்காரி பிடிவாதமாகக் கேட்கிறார்.

சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். நான் கெடுத்தது தானாகவே ஒரு விதமாகச் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது கோப்பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். இப்போது அவர் தனியாக இல்லை. நான் மட்டும்தான் மிச்சம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். ஹீட் பம்ப் என்று பதிந்தேன், பெட்டியின் மாடல் எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். சி வந்தது. பரவாயில்லை, நல்ல மார்க்தான். அனுப்புவதற்கு முன் மென்பொருளின் கணக்குத் தாளைத் திறந்தேன். அதில் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு வரி உண்டு. எங்களைக் கேட்காது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. தரைப் பரப்பைப் பார்த்து, இவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று தானாகவே வைத்துக்கொள்ளும். அந்த வீட்டுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேலே போட்டிருந்தது. பழைய சான்றிதழிலும் அதே எண்தான். அவர் ஒற்றைக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்த நாளிலும் அந்தக் கணக்கில் அவரோடு இன்னொருத்தி இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரம். பயிற்சிக்காகக் கொடுத்த வெற்றுக் கோப்பு ஒன்று என்னிடம் இன்னும் இருந்தது. அதில் என் வீட்டை ஏற்றினேன். ஊர் கேட்டது, காட்டுப்பாக்கம் பட்டியலில் இல்லை, அந்தக் கடலோர ஊரையே போட்டேன். செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி, மேலே வெறும் மொட்டைமாடி, சூடாக்க எதுவும் இல்லை. ஜி. சிரித்துக்கொண்டேன், இந்தத் தடவை சரியான ஜி. பிறகு கணக்குத் தாளைத் திறந்தேன். ஆட்கள்: இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

நான் ஒரு ஆள். என்னோடு இன்னொருவர், முழுசாக இல்லை, ஒரு முக்கால் ஆள்.

சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கிளம்பினேன். மழை விட்டிருந்தது. கரையான்சாவடியில் முருங்கைக்காய் இரண்டு வாங்கினேன், காய்க்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ தெருமுனைக்கு மேல் வராது என்று இறக்கிவிட்டது. தண்ணீரில் நடந்து வந்து, நாலு மாடி ஏறி, பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"வந்துட்டேன்" என்றேன். எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.